கப்பலில் அவனுக்கு வேறு பெயர்

பொந்தியான் கடலில் எண்ணெய்க் கப்பல் ஒன்று தீப்பிடித்ததாகக் கேள்விப்பட்டதும் ஜொகூர் பாருவிலிருந்து காரை விரட்டிக்கொண்டு போனேன். அதில்தான் என் தம்பி குமரன் இருந்தான். வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

மீட்கப்பட்டவர்கள் படகுத்துறையில் போர்வையைச் சுற்றிக்கொண்டு நின்றார்கள். அவர்களில் தம்பி இல்லை. கப்பலின் சமையல்காரர் மட்டும் தமிழர்.

"அண்ணே, குமரன் எங்க?"

"குமரனா? அப்படி யாரும் இல்லையேம்மா."

என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே தொடர்ந்தார்.

"கப்பல்ல யாரையும் பேரு சொல்லிக் கூப்பிட மாட்டோம்மா. அவரு என்ன வேலை? செராங்கா, சுக்கானியா?"

கயிறும் நங்கூரமும் செராங்கின் பொறுப்பு. சுக்கான் பிடிப்பவர் சுக்கானி. எங்கள் வீட்டில் எல்லாருக்கும் சேர்த்து மாலுமி என்ற ஒரே சொல்தான்.

"எஞ்சினுக்கு எண்ணெய் போடுவான்ணே..."

"அட, ஆயில்மேன்! அலமாக், முதல்லயே சொல்லக்கூடாதா? ஆம்புலன்ஸுக்குப் பின்னால போய்ப் பாருங்க. அவருக்கு ரெண்டாவது கப் மைலோ ஓடுது லா."

ஓடிப்போய்ப் பார்த்தேன். மீசையெல்லாம் கரியாக, கோப்பையும் கையுமாக உட்கார்ந்திருந்தான்.

"இதுக்குப் போயி இவ்வளவு தூரம் வந்தியாக்கா?" என்றான்.

வீடு வந்து சேரும்வரை, தேவையில்லாதபோதும், அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே வந்தேன்.