மூடித் தண்ணீர்

நாலாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். இன்று தீவுத் தலைநகரின் லம்பா லைன் பகுதியில் மூன்று மாடி வீடு, அபர்டீன் பஜாரில் தகர ஷீட் கடை, தரைக்கடியில் இருபதாயிரம் லிட்டர் தொட்டி. யாரும் என்னைத் தூக்கிவிடவில்லை என்று எல்லோரிடமும் சொல்வேன். சொர்ணம்மா அக்காவைப் பற்றி எழுதும்போது அப்படி எழுத முடியவில்லை.

கச்சால் தீவில் இருவரும் ரப்பர் பால் வெட்டினோம். இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்த குடும்பம் அக்காவுடையது. சுனாமி அவர் கணவரையும் வீட்டையும் கொண்டுபோனது. மிஞ்சிய முப்பது பேர் மேட்டுக் காட்டில் நான்கு நாள் கிடந்தோம். பாறை இடுக்கில் சொட்டியதை அக்கா தன் தூக்குவாளியில் பிடித்து, மூடியால் அளந்து கொடுத்தார். ஒவ்வொருவருக்கும் ஊற்றியபின் மூடியை வாளி விளிம்பில் தட்டி, ஒட்டிய சொட்டையும் உள்ளே விழவைப்பார். வாளி வைத்திருப்பவர் கடைசியில்தான் குடிக்க வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். மூன்றாம் நாள் அவர் முறை வந்தபோது ஒரு மூடிதான் மிச்சம். காய்ச்சலில் கிடந்த என் வாயில் அதையும் ஊற்றினார்.

"எனக்குத் தாகமில்ல தம்பி."

அவர் உதடு வெடித்திருந்தது.

எட்டு வருடம் கழித்து, எங்கள் தெருவின் மேட்டில் ஒற்றை அறையில் அக்கா குடியிருந்தார். மூன்று நாளைக்கு ஒருமுறை தண்ணீர். பொதுக் குழாய் சரிவின் அடியில். ஒருநாள் என் கேட்டில் வந்து நின்றார்.

"தம்பி, இந்த மூலை சும்மாதானே கெடக்கு. பொது டேங்க் வைக்க எடம் குடு. மேட்டுல பதினஞ்சு வூடு பொழைக்கும்."

"வண்டி நிறுத்தணும் அக்கா."

"ஒனக்கு ஒரு காடிதானே?"

"ரெண்டாவது வாங்கப்போறேன்."

"வாங்கு, வாங்கு. அதையும் தண்ணி ஊத்திக் கழுவணும்ல."

"உங்களுக்கு வேணும்னா என் தொட்டியில எடுத்துக்குங்க. ஊருக்காக நீங்க ஏன் பேசுறீங்க? நான் ஒழச்சு வாங்கின எடம்."

"எனக்கு மட்டும் வேணாம்."

அடுத்த வாரமே இரண்டு கேனோடு சரிவில் விழுந்தார். இடுப்பு முறிந்தது. மகள் சுதா வடக்கே மாயாபந்தரில் இருக்கும் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனாள். மழை தொடங்குமுன் அங்கேயே இறந்துபோனார்.

அதற்குப் பிறகு தண்ணீர் வரும் நாளில், காலையில் என் தொட்டிக்குத் தண்ணீர் இழுக்கும் மோட்டார் ஓடத் தொடங்கியதும் கேட்டருகே கேட்கும்: தகர விளிம்பில் மூடி தட்டும் ஓசை. போய்ப் பார்த்தால் ஆளில்லை. காற்று என்றாள் என் மனைவி சுகுணா. காற்றே இல்லாத நாளிலும் அது கேட்டது.

அக்கா கேட்ட மூலையின் சுற்றுச்சுவரை நானே இடித்து, பொது டேங்குக்கு இடம் கொடுத்தேன். டேங்க் வந்து நான்கு வருடம்; அதன் கூரை என் கடை ஷீட், முதல் தரம். பதினைந்து வீடும் பிடித்துப் போகும்வரை என் மோட்டாரைப் போடுவதில்லை. கடைசிக் கேனும் போன பிறகு மூடி தட்டும் ஓசை கேட்கிறது. வாளி வைத்திருந்தவர் இன்னும் குடிக்கவில்லை. டேங்க் குழாயில் கை வைத்தபடி, மூடாமல் நிற்கிறேன்.