கேஸ் ஏற்றினால் குளிர் ஏறாது

1. பைப் கடித்தது

அத்திபெலேயில் ஐஸ்கிரீம் குடோன் வைத்திருக்கும் மஞ்சுநாத், கோல்ட் ரூமில் கூலிங் இல்லை என்று போன் செய்தார். பெருங்குடலில் இருந்த கேன்சர் கட்டியை வெட்டி எடுத்து, எனக்கு இரண்டாவது கீமோ ட்ரிப் ஏறிய வாரம் அது. வீட்டில் தடுத்தார்கள். போனேன். ஐந்தாம் வகுப்போடு நின்று, ஏசிக்கு ஏற்றும் கேஸ் சிலிண்டரைத் தோளில் சுமந்து தொழிலுக்கு வந்தவன் நான். தடுத்தபோதெல்லாம் உட்கார்ந்திருந்தால் ஜோகுபாளையத்தில் மூன்று மாடி வீடு எழும்பியிருக்காது.

கேஜ் மாட்டி அளவு பார்க்க எவனுக்கும் வரும். நான் சக்‌ஷன் பைப்பை, அதாவது குளிர்ந்த கேஸ் கம்ப்ரஸருக்குத் திரும்பும் குழாயை, தொட்டே கேஸ் கூடவா குறைவா என்று சொல்வேன். பெங்களூரில் இன்னொருத்தன் இருந்தால் காட்டுங்கள். அன்றும் தொட்டேன். ஷாக் அடித்த மாதிரி விரலெல்லாம் சுரீரென்றது. "கரண்ட் லீக்!" என்று கத்தினேன். டெஸ்டரில் ஒன்றும் காணோம். அது கீமோ மருந்தின் வேலை. குளிர்ந்ததைத் தொடக் கூடாது, போகப் போக விரல் மரத்து அப்படியே நின்றுவிடவும் கூடும் என்று டாக்டரம்மா சொல்லித்தான் அனுப்பியிருந்தார். குளிரை விற்றுச் சாப்பிடுகிறவனிடம் சொல்கிற பேச்சா அது?

2. ஆறு மாதக் கட்சி

"ஒரே ஒரு நெறிக்கட்டுலதான் பரவியிருந்துது. கட்டியும் ரொம்ப ஆழமாப் போகல. உங்களுக்கு மூணு மாசம் போதும். சில பேருக்கு ஆறு மாசம் தேவைப்படும்" என்பது கீமோ தொடங்குமுன் டாக்டரம்மா போட்ட கணக்கு.

என் மருமகன் சாஃப்ட்வேர் கம்பெனியில் பெரிய ஆள். வீட்டுக்குள் வந்ததும் ஏசியைப் பதினாறில் வைப்பார். சீக்கிரம் கூல் ஆகுமாம். எத்தனையில் வைத்தாலும் ரூம் அதே வேகத்தில்தான் குளிரும் என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. அவர் தீர்ப்புச் சொன்னார்: "மூணு மாசம்னா பாதி கோர்ஸ், மாமா. சேஃபுக்கு ஆறே போட்டுடுங்க."

அவரைக் கிண்டல் செய்துவிடலாம். என் மனைவி கேட்டதைத்தான் முடியவில்லை. "பாதில நிறுத்தி, திரும்ப வந்துட்டா நான் என்னங்க பண்ணுவேன்?"

உடனே மார்தட்டினேன். "ஆறே போடச் சொல்றேன். நான் என்னிக்குப் பாதி வேலை பாத்திருக்கேன்?"

3. ஸ்வல்ப கேஸ்

டாக்டர் மூன்று என்றாலும் நான் ஆறு என்ற இந்த வீரத்தை அன்று குடோனுக்குள் நுழைந்ததுமே மஞ்சுநாத்திடமும் அளந்திருந்தேன். பைப் கடித்த பிறகு, வேறு வழியில்லாமல் கையுறை போட்டு, எல்லோரையும் போல கேஜ் மாட்டினேன். எனக்கு முன்னால் வந்த எவனோ புண்ணியவான் கேஸை அளவுக்கு மேல் திணித்திருந்தான்.

"சேஃபுக்கு இன்னும் ஸ்வல்ப கேஸ் போடு, குரு" என்றார் மஞ்சுநாத். ஸ்வல்ப என்றால் கன்னடத்தில் கொஞ்சம்; குரு என்பது நண்பனைக் கூப்பிடுவது.

"என்ன சேஃபு? கேஸ் மிஞ்சினா கூலிங் குறையும், கம்ப்ரஸர் அடிவாங்கும். எவ்ளோ வேணும்னு மெஷின் பிளேட்லயே போட்டிருக்கு. படிக்கத் தெரியாதா?"

அவர் என் கையுறையைப் பார்த்தார். "உன் பிளேட்ல மூணுதானே குரு போட்டிருக்கு? நீ எதுக்கு ஆறு கேக்கறே?"

நாற்பது வருடத் தொழிலில் எனக்கே பிளேட் படித்துக் காட்டிய கஸ்டமர் அவர் ஒருவர்தான். மிஞ்சின கேஸை எடுத்துவிட்டு, பில்லில் கொஞ்சம் ஏற்றினேன்.

4. மூன்று

மறுநாளே மனைவியை டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனேன். அவள் பயத்தை அவளே கேட்டாள்.

"ஆறு போட்டாலும் திரும்ப வராதுன்னு என்னால சத்தியம் பண்ண முடியாதும்மா. இவர் ரிப்போர்ட்டுக்கு மூணு மாசத்துக்கு மேல போட்டாக் கிடைக்கற லாபம் ரொம்பக் கொஞ்சம். ஆனா விரல் மரத்துட்டா, தொழில் பண்றது கஷ்டம்."

"தொழில் இல்லேன்னா நாள் முழுக்க வீட்லயே இருப்பாரா?"

"வேற எங்க போவார்?"

"மூணே போதும் டாக்டர்."

மூன்றோடு முடித்தோம். பக்கத்து நாற்காலியில் ட்ரிப் ஏற்றிக்கொண்டவருக்கு ஆறு. அவர் ரிப்போர்ட் வேறு, அவருக்கு அதுதான் சரி. கேட்காமலே யோசனை சொல்லும் நான் அவரிடம் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

செக்கப்புக்குப் போகிறேன். இதுவரை சுத்தம். பயம் சுத்தமாகவில்லை, அதற்கு எத்தனை மாதம் போட்டாலும் ஆகாது. இடது சுண்டுவிரல் இன்னும் மரத்துத்தான் இருக்கிறது. பைப்புக்கு வலது கை போதும், தொட்டுச் சொல்கிறேன்.

தொழிலுக்கு வரும் தம்பிகளுக்கு ஒன்று: எவ்வளவு என்பதைப் பிளேட்டைப் படித்தவனிடம் கேளுங்கள், பக்கத்தில் நின்று பயப்படுகிறவனிடம் கேட்காதீர்கள்.

மருமகனிடமும் இதைச் சொன்னேன். "கரெக்ட் மாமா" என்று தலையாட்டிவிட்டு, ஏசியைப் பதினாறில் வைத்தார்.