பாலைவனத்து வெங்காயம்

தொண்ணூறுகளில் ஜேர்மனியின் கெல்சென்கிர்ச்சனில், ஹைம் என்ற அகதிகள் விடுதியில் ஒற்றை அறையில் இருந்தோம்; சமையல் எல்லாருக்கும் பொதுவான குசினியில். பக்கத்து நகரத்துத் தாவரத் தோட்டம் ஒன்றில் என் கணவருக்குத் தற்காலிகமாக வேலை கிடைத்தது. கோடை முடியும்வரை ஒழுங்காகச் செய்தால் நிரந்தரமாக்கலாம் என்று அங்கே பொறுப்பாயிருந்த ஜேர்மன் பெண்மணி சொல்லியிருந்தார். நிரந்தர வேலை என்றால் தனி வீடு கேட்கலாம். அடுத்தவர் கறி மணக்காத ஒரு குசினிக்காக நான் நேர்த்தி வைக்காத சாமி இல்லை.

இவரை விட்டது வெங்காயம் நின்ற கண்ணாடி வீட்டில். பாலைவனங்களில் தானாக முளைக்கும் காட்டு வெங்காயம். கிழங்கு புளியங்கொட்டை அளவுதான் இருக்கும். எந்தப் பாலைவனத்திலிருந்து எடுத்தது என்று ஒவ்வொரு சட்டியிலும் ஒரு சீட்டு. யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் வெங்காயம் செய்த மனுசனுக்குத் தலைகால் புரியவில்லை. "இந்தச் சனத்துக்கு வெங்காயத்தைப் பற்றி என்னப்பா தெரியும்?" என்று ஹைம் முழுக்கச் சொல்லித் திரிந்தார். எனக்கும் பெருமைதான், மறைப்பானேன்.

ஆனியில் வெங்காயத் தாள் மஞ்சளடித்துச் சாய்ந்தது. எங்கள் ஊரில் தாள் சாய்ந்தால் கிழங்கைக் கிண்டி எடுத்துவிட வேண்டும். பிந்தினால் ஒரு மழைக்கே அழுகிவிடும். அந்தப் பெண்மணி விடுமுறையில் போயிருந்தார். இவர் யாரையும் கேட்காமல் எல்லாச் சட்டிகளையும் கவிழ்த்து, கிழங்குகளைப் பிடி பிடியாகக் கட்டி, கம்பியில் வரிசையாகத் தொங்கவிட்டார். வந்து பார்த்தால் மெச்சுவார் என்ற எண்ணம்.

பெண்மணி திரும்பி வந்ததும், இவருக்கு மொழிபெயர்க்க என்னைக் கூப்பிட்டார். சத்தம் போடவில்லை, போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அது கிண்டுவதற்கு வளர்த்த வெங்காயம் இல்லையாம். கோடையில் தாளை உதிர்த்துவிட்டு, மழை வரும்வரை மண்ணுக்குள் தூங்குவது அதன் வழக்கமாம். கிழங்குகள் பார்வைக்கு எல்லாம் ஒன்றுதான். எது எந்தச் சட்டியில் இருந்தது என்று இனி யாராலும் சொல்ல முடியாது, பல வருடச் சேகரிப்பு வீண் என்றார். நாளைக்கு வர வேண்டாம் என்பதையும் என் வாயால்தான் இவருக்குச் சொன்னேன். குடி முழுகிவிட்டது.

ட்ராமில் ஆத்திரம் முழுவதையும் கொட்டினேன். "ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதோ? வாயில்லையோ உங்களுக்கு?"

"ஓம், கேட்டிருக்கலாம்" என்றார். "வேற எதெண்டாலும் கேட்டிருப்பன். வெங்காயத்தைப் பற்றி நான் ஆரிட்டையப்பா கேக்கிறது? எனக்குத் தெரிஞ்சது அது ஒண்டுதான்."

அன்றோடு அவர் வெங்காயத்தைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார். வேலை தேடுவதையும்தான்.