காலியாக விட்ட கட்டங்கள்

அறிவியல் மென்பொருள் தொழிலில் ஒரு வசதி உண்டு: விடை தப்பாக இருந்தாலும் திரையில் படம் அழகாகத்தான் வரும்.

வீட்டிலிருந்தே தொழில் நடத்தும் என் சக கைதிகளுக்கு மேலே விளக்கம் வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஆராய்ச்சி செய்கிறவர்கள் அளந்து வைத்த எண்களை வாங்கிக்கொண்டு, சராசரி எடுத்து, புள்ளி வைத்து, புள்ளிகளுக்கு நடுவே பொருத்தமாக ஒரு கோடு போட்டுக் கொடுக்கும் புரோகிராமை எழுதி விற்பது என் வேலை. தொண்ணூறுகளின் கடைசியில் செங்கல்பட்டில் ஒரு மாடி வீட்டில் ஆரம்பித்தேன். மூலதனம்: பௌதிகத்தில் எம்.எஸ்ஸி., ஒரு கணினி, ஒரு டெலிபோன். கூடவே கைக்குழந்தையாக மீனு. கணவர் காலையில் கல்பாக்கம் ஆபீஸ் பஸ்ஸில் ஏறிப் போய்விடுவார். அவர் திரும்பும்வரை கம்பெனி முழுவதும் நான்தான்.

தலைமை அலுவலகம்

முதல் வாடிக்கையாளர் ஏழுமலை. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலோரத்தில் இறால் குஞ்சு பொரிக்கும் பண்ணை ஒன்றுக்கு மேனேஜர். அப்பா, அண்ணன் எல்லாரும் கட்டுமரத்தில் போகிறவர்கள். இவர் மட்டும் கரையில் தொட்டி கட்டிக்கொண்டவர். தொட்டித் தண்ணீரின் உப்பையும் சூட்டையும் தினம் நான்கு வேளை அளந்து நோட்டில் எழுத வேண்டும், மேலிடத்துக்குப் படம் போட்டு அனுப்ப வேண்டும் என்று உத்தரவாம். நோட்டுகளை ஒரு மீன் கூடையில் அடுக்கிக்கொண்டு வந்தார்.

உள்ளே வந்தவர் கணினியைப் பார்த்தார். அதற்குப் பக்கத்தில் தொங்கிய தூளியைப் பார்த்தார். நான் ஒரு கையால் தூளியை ஆட்டிக்கொண்டே மறுகையால் அவர் வாசித்துச் சொன்ன சில எண்களை அடித்துக் காட்டினேன். படம் வந்தது. அதை வெகு நேரம் பார்த்துவிட்டு, கம்பெனி எந்தத் தெருவில் என்று விசாரித்தார். இதுதான் கம்பெனி என்றேன். பிழைப்பு அத்தோடு போயிற்று என்று நினைத்தேன். அவர் கூடையைக் கீழே வைத்தார்.

“இன்னாம்மா பண்றது, எங்க கம்பெனியும் நாலு தொட்டிதான்.”

ஒரே குரல்

சின்னக் கம்பெனி என்று தெரிந்தால் யாரும் வாங்க மாட்டார்கள் என்று எனக்கு ஒரு பயம். (எனக்கு இல்லாத பயம் எது என்பதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.) அதனால் டெலிபோன் அடித்தால் முதலில் ரிசப்ஷனிஸ்டாகப் பேசுவேன். கேள்வியைக் கேட்டுக்கொண்டு, “சப்போர்ட் மேனேஜருக்கு இணைப்புத் தருகிறேன்” என்று சொல்லி, ரிசீவரைப் பொத்திப் பத்து எண்ணிவிட்டு, கொஞ்சம் கனத்த குரலில் மேனேஜராக வருவேன். கான்வென்ட் நாடகங்களில் எனக்கு மரம் வேஷம்தான் கொடுப்பார்கள். அந்தக் குறை இப்படித் தீர்ந்தது.

பொத்தேரியில் தங்கிப் பி.எச்.டி. செய்துகொண்டிருந்த செந்தில் வாரம் மூன்று முறை கூப்பிடுவான். நல்ல பையன், ஆனால் கையேட்டைத் திறந்தே பார்க்காதவன். ஒருநாள் பத்து எண்ணுவதற்குள் மீனு வீறிட்டாள். மேனேஜர் வந்து தொண்டையைக் கனைத்தபோதும் அழுகை அப்படியே இருந்தது. அவன் தன் சந்தேகத்தைக் கேட்டான், பதிலைக் குறித்துக்கொண்டான், நன்றியும் சொன்னான். வைப்பதற்கு முன்னால் மட்டும் கேட்டான்:

“மேடம், உங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் ஒரே குரல்தான், சரி. எல்லாருக்கும் ஒரே குழந்தையா?”

மீனுவின் கோடு

புரோகிராமைச் சோதித்துப் பார்க்க எண்கள் வேண்டும். வீட்டில் தினம் மாறிக்கொண்டிருந்த எண் மீனுவின் எடை ஒன்றுதான். வாரத்துக்கு ஒருமுறை எடை மெஷினில் நான் தனியாக ஏறுவேன், பிறகு அவளோடு ஏறுவேன், கழித்துப் பார்ப்பேன். அவள் துள்ளுகிற துள்ளலில் முள் ஆடும், எண் முன்னே பின்னே வரும். அது பரவாயில்லை. அளவுகளில் பிழை இருக்கும், புள்ளியை நம்பாதே, கோட்டை நம்பு என்றுதானே ஐந்து வருஷம் படித்தேன்.

அவளுக்குப் பத்து மாதம் ஆனபோது கோடு கீழே வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் கொடுத்த அட்டையில் பச்சைப் பட்டை ஒன்று உண்டு. குழந்தையின் கோடு அதற்குள் ஓட வேண்டும். என் கோடு பட்டைக்கு அடியில் ஓடியது. ராகிக் கூழ், நேந்திரம்பழம், பருப்புத் தண்ணீர் என்று இரண்டு வாரம் ஊட்டினேன். அவள் துப்பினாள், நான் அழுதேன். கடைசியில் அச்சடித்த படத்தை மடித்து எடுத்துக்கொண்டு குழந்தை டாக்டரிடம் ஓடினேன். அவர் மீனுவைத் தன் தராசில் போட்டார். அவள் அவருடைய ஸ்டெதஸ்கோப்பைப் பிடுங்கி வாயில் வைத்துக்கொண்டாள். நான் விரித்து நீட்டிய படத்தை டாக்டர் கையில் வாங்கவே இல்லை.

“ஏம்மா, பேப்பர்தான் இளைச்சிருக்கு. குழந்தை நல்லாத்தானே இருக்கா?”

ஜுரம்

ராகவன் சார் ஓய்வுபெற்ற விஞ்ஞானி. மதுராந்தகத்தில் வீடு. பறவை சீசன் ஆரம்பித்ததும் தினம் காலையில் வேடந்தாங்கல் போய், ஒரே இடத்தில் நின்று கூழைக்கடாக்களை எண்ணுவார். என்னிடம் புரோகிராம் வாங்கியவர்களிலேயே அதன் விடையைப் பென்சிலால் சரிபார்த்த ஒரே மனிதர்.

அந்த மாதம் இரண்டு விடையும் ஒத்துப்போகவில்லை. பஸ் பிடித்து நேரே வந்துவிட்டார். நாற்காலியில் அவரை உட்காரவைத்து, அவர் பட்டியலை ஒவ்வொரு வரியாகப் பார்த்தோம். நான்கு நாள் கட்டங்கள் காலி. அந்த நான்கு நாளும் ஜுரத்தில் படுத்திருந்தாராம், ஏரிக்குப் போகவில்லை. படத்தில் அந்த இடம் ஒழுங்காக இடைவெளியாகத்தான் இருந்தது. ஆனால் சராசரி எடுக்கும்போதும் கோடு போடும்போதும் என் புரோகிராம் காலிக் கட்டத்தைப் பூச்சியம் என்று எடுத்துக்கொண்டிருந்தது. நான் எழுதிய ஒரே ஒரு வரி. மீனுவை அளக்காமல் விட்ட மூன்று வாரம் சட்டென்று நினைவுக்கு வந்தது. அச்சரப்பாக்கத்தில் அம்மா வீட்டில் இருந்தோம், அங்கே எடை மெஷின் கிடையாது. அந்த மூன்று பூச்சியங்கள்தான் அவள் கோட்டைக் கீழே இழுத்திருந்தன. ராகவன் சார் கோபப்படவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்பவர் போலக் கேட்டார்.

“எனக்கு ஜுரம் வந்தா கூழைக்கடாவெல்லாம் ஏம்மா செத்துப் போகணும்?”

பதினாறு கடிதங்கள்

திருத்துவதற்குப் பத்து நிமிஷம் ஆயிற்று. ஆனால் அந்த வரி ஏற்கெனவே பதினாறு பேரிடம் போயிருந்தது. அதில் செந்தில் ஒருவன். தன் ஆய்வேட்டை முந்தின வாரம்தான் கொடுத்திருந்தான்.

கணவர் நிதானமானவர். அடுத்த பதிப்பில் சத்தமில்லாமல் சரிசெய்து அனுப்பு என்றார். கடிதம் எழுதினால் பதினாறு பேரும் புரோகிராமைத் திருப்பி அனுப்புவார்கள், ஊரெல்லாம் சொல்வார்கள், ஆரம்பித்த தொழில் ஆரம்பத்திலேயே முடியும் என்றார். அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தவறில்லை. எனக்கும் அதே பயம்தான். ஆனால் அந்த இரண்டு வாரம் மீனுவின் விலா எலும்பை நான் எண்ணிக்கொண்டிருந்தேனே, அப்படி எதையாவது எங்கேயோ ஒருவர் எண்ணிக்கொண்டிருந்தால்? எங்கள் கான்வென்ட்டில் கணக்கு நோட்டுக்கு ரப்பர் கொண்டுவரக் கூடாது. தப்பின் மேல் ஒற்றைக் கோடு போட வேண்டும், தப்பு கீழே படிக்கும்படி தெரிய வேண்டும், பக்கத்தில் சரியானதை எழுத வேண்டும். அந்த முறையிலேயே எழுதினேன்: எந்த வரி, என்ன தப்பு, யாருடைய விடை கெட்டிருக்கும், திருத்திய ஃபிளாப்பி இத்துடன். மீனுவை இடுப்பில் வைத்துக்கொண்டு தபாலாபீஸில் நின்றேன். கவுண்டரில் இருந்த அம்மாள் பதினாறு உறைகளுக்கும் முத்திரை குத்திக்கொண்டே குழந்தையைக் கொஞ்சினாள்.

“காதுகுத்துப் பத்திரிகையா? பார்த்தாலே தெரியுது.”

கோபம்

மூன்றாம் நாள் செந்தில் வந்தான், ஆய்வேட்டின் பிரதியோடு. காலில் இருந்த செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான். உள்ளே வா என்று இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. கரண்ட் போன நேரங்களில் அவன் விட்டுவைத்த கட்டங்கள் ஏழு. ஏழும் பூச்சியமாகியிருந்தன. மதியச் சாப்பாட்டை மறந்து எல்லாவற்றையும் மறுபடி போட்டோம். நடுவில் மீனு அவன் ஆய்வேட்டின் கடைசிப் பக்கத்தைச் சப்பிவிட்டாள். அவன் அதைத் துடைத்து ஓரமாக வைத்தான்.

புதுக் கோடு புள்ளிகளின் நடுவில் வந்து உட்கார்ந்தது. முடிவு தலைகீழாகவில்லை, இரண்டு அட்டவணையும் ஒரு படமும் மாற வேண்டும். பழைய படத்தில் எதுவோ இடிக்கிறது என்று கைடு சொல்லிக்கொண்டே இருந்தாராம், இவன்தான் கம்ப்யூட்டர் போட்டது சார் என்று வாயை அடைத்தானாம். திருத்தப் பக்கம் சேர்க்க அனுமதி கேட்டுக் கடிதம் எழுதினோம். தப்பு யாருடையது என்று நானே கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். படி இறங்கும்போது திரும்பிப் பார்த்தான்.

“உங்க சப்போர்ட் மேனேஜர் மேல நான் ரொம்பக் கோவமா இருக்கேன்னு சொல்லிடுங்க மேடம். ரிசப்ஷன் மேல இல்ல.”

மேலே இருப்பதேதான்

பதினாறு பேரில் பதில் போடாதவர் ஏழுமலை மட்டும். எனக்கு அவரைப் பற்றித்தான் அதிகப் பயம். அவர் தொட்டியில் இருப்பவை உயிர். பஸ் ஏறிப் பண்ணைக்கே போனேன். நோட்டைப் பிரித்தால் பாதிக்கு மேல் காலி. அளக்கவில்லையா என்றேன். ஒரு வேளைகூடத் தவறாமல் அளந்தார்களாம். உப்பு மாறியிருந்தால் எழுதுவார்கள், மாறாவிட்டால் அப்படியே விட்டுவிடுவார்கள். காலி என்றால் மேலே இருப்பதேதான் என்று அர்த்தம். அங்கே எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறார்கள், அவர்களுக்குள் ஒரு குழப்பமும் இல்லை. ஆக, என் பழைய வரியும் தப்பு, பெருமையாக அனுப்பிய திருத்தமும் அவருக்குத் தப்பு.

அப்படியானால் இத்தனை மாதமாகத் தப்பான சராசரியை வைத்துத் தண்ணீரை என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். ஏழுமலை என்னை ஆபீஸ் அறைக்குக் கூட்டிப்போனார். சுவரில், சாமி படத்துக்குப் பக்கத்தில், கண்ணாடிச் சட்டம் போட்டு என் முதல் படம்.

“சராசரி யாரு பாத்தது? நான் தொட்டில கைய வுட்டு, நாக்குல வச்சிப் பாப்பேன். படம் சோக்கா கீதுன்னு மாட்டி வச்சிகினு கீறேன், அவ்ளோதாம்மா.”

அதற்குப் பிறகு என் புரோகிராம் காலிக் கட்டத்தைப் பார்த்தால் நின்று கேட்கும்: பூச்சியமா, அளக்கவில்லையா, மேலே இருப்பதேயா? இந்தத் தொல்லைபிடித்த கேள்விக்காகவே புதிதாகப் பல ஆய்வுக்கூடங்கள் வாங்கின, இரண்டாவது கணினி வந்தது, நிஜமாகவே வேறு குரலுள்ள ஒரு பெண்ணும் வந்தாள், மீனு எல்.கே.ஜி. போகிறாள்.

ஒரு கம்பெனி வளர்ந்ததற்கு நான் காட்டக்கூடிய கணக்கு இவ்வளவுதான்: தெரியாததைத் தெரியாது என்று சொல்ல என் புரோகிராம் ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டுவிட்டது, மீனுவின் டிபன் டப்பா காலியாகத் திரும்பி வந்தால், அவளே சாப்பிட்டாளா, யாருக்காவது கொடுத்தாளா என்று தெரியாமல் நான்தான் இன்னமும் அவள் சாப்பிட்டதைப் பூச்சியம் என்றே எழுதிக்கொண்டிருக்கிறேன்.