பிஸியாக இருந்த நாலாம் ட்ரம்

1. அலறல்

மாசுக் கட்டுப்பாட்டு வாரிய ஆபீசர் பத்து மணிக்கு வருகிறார். ஒன்பதேகாலுக்கு முதல் ட்ரம்மின் வாயில் மீத்தேன் மீட்டரை நீட்டினேன். பீப் பீப் என்று அலறியது. இரண்டாவதிலும் மூன்றாவதிலும் அதே அலறல். ஆஸ்பத்திரி வராண்டா வாசனை வேறு மூக்கைத் துளைத்தது.

நான் ஓசூரில் ஒரு டெஸ்டிங் லேபில் சீனியர் அனலிஸ்ட். சூளகிரி பக்கம் மூடிப்போட்ட பழைய குப்பைமேடு ஒன்று எங்கள் பொறுப்பு. காற்றுப் படாமல் உள்ளே அழுகும் குப்பை மீத்தேனை விட்டுக்கொண்டே இருக்கும். அதைச் சாப்பாடாகவே வைத்துக்கொண்ட பாக்டீரியா காற்றுப் படும் மேல்மண்ணில் இருக்கிறது. ஏரிச் சேற்றின் மேல்பரப்பிலும் நெல் வயலிலும்கூட உண்டு. மீத்தேனையும் ஆக்சிஜனையும் வாங்கிக்கொண்டு கார்பன் டை ஆக்சைடு, தண்ணீர், கொஞ்சம் சூடு மூன்றையும் திருப்பித் தரும்.

நாலு நீல ட்ரம்மில் மக்கிய உரத்தோடு ஏரிக்கரைச் சேற்றைக் கலந்து நிரப்பி, அடியில் குப்பைமேட்டு கேஸ் குழாயைச் செருகியிருந்தோம். எட்டு மாதமாக மேலே மீட்டர் பூஜ்யம்தான் காட்டியது. ஆபீசர் சம்மதித்தால் மேடு முழுக்க இதே உரத்தைப் பரப்பலாம். இல்லையென்றால் என்ன ஆகும் என்பதை மேனேஜர் முன்பே சொல்லிவிட்டார்.

"ட்ரம்மெல்லாம் தூக்கி ஓரமா போட்டுட்டு, பழையபடி தண்ணி டெஸ்ட்டுக்கே போயிடுங்க மேடம்."

2. வரவேற்பு

சைட் சூப்பர்வைசர் முனிராஜ் அயர்ன் பண்ணிய சட்டையில் சிரித்துக்கொண்டே வந்தார். கேட்டிலிருந்து ட்ரம் வரை வழியின் இரண்டு பக்கமும் வெள்ளைக்கோடு பளீரென்று தெரிந்தது.

"முனிராஜ், ட்ரம்முல என்ன ஊத்துனீங்க?"

"ப்ளீச்சிங் பவுடர்ங்க. மூணு நாளா பக்கெட்டு பக்கெட்டா கரைச்சு ஊத்துறேன். ஆபீசர் வராருன்னா ப்ளீச்சிங் போடாம எப்படிங்க மேடம்? கிருமி கிருமின்னு நீங்கதான சொன்னீங்க?"

எனக்கு அழுகை வரவேண்டிய இடம். சிரிப்புதான் வந்தது. எட்டு மாதம் ஊட்டி வளர்த்ததை எல்லாம் இந்த மனிதர் மரியாதைக்காகக் குளிப்பாட்டிக் கொன்றிருக்கிறார்!

"நாலுலயுமா?"

"நாலாவதுல ஊத்தலீங்க. அது பிஸின்னு கௌரம்மா சொல்லிச்சு."

கௌரம்மா குப்பை பிரிக்கும் வேலை செய்கிறவர். வீட்டில் கன்னடம், சைட்டில் கலப்படம். அவருடைய டிபன் கேரியர் தினமும் நாலாவது ட்ரம்மின் மேல் கோணிப்பையில் உட்கார்ந்திருக்கும். போன வாரம் என்னிடமும் "இது பிஸி மேடம்" என்றார். கேரியர் இருக்கிறது, இடம் காலியில்லை என்று இங்கிலீஷில் சொல்கிறார் போல என்று நானும் தலையாட்டிவிட்டுப் போயிருந்தேன்.

3. கை வைத்துப் பார்த்தது

ஆபீசர் வந்தார். வெள்ளைக்கோட்டைப் பார்த்துத் தலையசைத்தார், முனிராஜ் பூரித்துப்போனார். மூன்று ட்ரம்மும் வரிசையாக அலறின. கேரியரை நகர்த்தி நாலாவதில் மீட்டரை வைத்தேன். பூஜ்யம்.

"நாலாவதுக்கு கேஸே வரலியோ என்னவோ," என்றார் ஆபீசர்.

அடியில் குழாயைக் கழற்றி மீட்டரைக் காட்டினேன். காது கிழிந்தது. மாட்டிவிட்டு மேலே வைத்தேன். மறுபடி பூஜ்யம். முனிராஜ் செய்த காரியத்தையும் ஒளிக்காமல் சொன்னேன். ஆபீசர் நெற்றியைச் சுருக்கினார்.

அப்போது கௌரம்மா கேரியரை எடுக்க வந்தார். "ஊட்டா ஆய்த்தா சார்?" என்று ஆபீசரையே சாப்பிட்டாயிற்றா என்று விசாரித்தார். பிறகு, "கை வெச்சு நோடி சார். நாலாவது மட்டும்தான் பிஸி. என் சாறு ஆறவே ஆறாது," என்றார்.

ஆபீசர் முதல் ட்ரம்மைத் தொட்டார். சில்லென்று இருந்தது. நாலாவதைத் தொட்டார். "அட, சுடுது!" என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. கன்னடத்தில் பிஸி என்றால் சூடு! பாக்டீரியா சாப்பிடச் சாப்பிட ட்ரம் சூடாகிறது. எட்டு மாதமாக நான் மீட்டரில் பார்த்ததை கௌரம்மா கேரியரிலேயே கண்டுபிடித்துவிட்டார். எனக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. கொஞ்சம் குதித்தும்விட்டேன்.

"மண்ணு கேஸைத் திங்குதுன்னு நீங்க எழுதினப்ப நான் நம்பலம்மா," என்றார் ஆபீசர். "மூணு செத்துச்சு, ஒண்ணு உயிரோட இருக்கு. திங்கறது உயிருதான்னு இப்பத் தெரியுது. மேடு முழுக்கப் போடுங்க."

முனிராஜ் என்னைப் பார்த்துக் கேட்டார், "அப்ப நான் ப்ளீச்சிங் ஊத்துனது நல்லதுக்குத்தானுங்களே?"

4. போர்டு

மேட்டில் இப்போது உரம் பரப்பியாகிவிட்டது. இனி வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு இரண்டே விஷயம் சொல்வேன். உயிருள்ள இடத்தைச் சுத்தம் பண்ணும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். எல்லையோர ஊரில் தெரிந்த வார்த்தை காதில் விழுந்தாலும் ஒரு தடவை அர்த்தம் கேளுங்கள்.

மேட்டின் முன்னால் போர்டு வைக்க வேண்டியிருந்தது. நான் அரைப்பக்கம் எழுதிக் கொடுத்தேன். முனிராஜ் அதை ஓரமாக வைத்துவிட்டு பெயின்டரைக் கூப்பிட்டு ஒரே வார்த்தை எழுத வைத்தார்: பிஸி. அதற்கப்புறம் எந்த ஆபீசர் வந்தாலும் முனிராஜ் போடும் வெள்ளைக்கோடு அந்த போர்டோடு நின்றுவிடுகிறது.