லீலாவதி வாங்கிய கேடயம்

அமிர்தலிங்கம் இறந்து ஒன்றரை வருடம் கழித்து, 2001 ஜனவரியில், அவருடைய மனைவி லீலாவதிக்கு ஒரு அழைப்பிதழ் வந்தது. சுரங்கத் தொழிலில் சாதனை புரிந்த தலைவர்களுக்கும் நிலவியல் வல்லுநர்களுக்கும் அரியலூரில் பாராட்டு விழா. மறைந்த கணவர் சார்பில் அவளே மேடைக்கு வந்து கேடயத்தைப் பெற்றுக்கொள்ள வேண்டும் என்று அடியில் பேனாவால் எழுதியிருந்தார்கள்.

லீலாவதி உடையார்பாளையம் பக்கம் முந்திரித் தோப்பும் நிலமும் உள்ள வீட்டில் பிறந்தவள். எழுபத்து நாலில் கல்யாணமாகி ஜெயங்கொண்டத்துக்கு வந்தாள். மாப்பிள்ளை சிமெண்ட் ஆலையில் ஜியாலஜிஸ்ட். பூமிக்கு அடியில் சுண்ணாம்புக் கல் எங்கே இருக்கிறது, எத்தனை ஆழத்தில் இருக்கிறது என்று துளை போட்டுப் பார்க்கிற வேலை. குன்னம் பக்கம் ஆறு மாதம், விக்கிரமங்கலம் பக்கம் ஒரு வருடம் என்று தங்கும் கொட்டகை மாறிக்கொண்டே இருக்கும். சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வருவார், திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் போய்விடுவார். இருபத்தைந்து வருடமும் அப்படித்தான் போயிற்று.

வீட்டில் அவர் அதிகம் பேசியதில்லை. சாப்பாடு போட்டால் சாப்பிடுவார், பேப்பர் படிப்பார், மகள் அனுசுயாவின் பரீட்சை மார்க்கைக் கேட்பார். வெயிலில் அலைந்துவிட்டு வருகிற மனுஷனைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று லீலாவதியும் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். சுபாவமே அப்படி என்றுதான் நினைத்திருந்தாள். தொண்ணூற்று ஒன்பது ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அன்றைக்கும் அவர்கள் பேசியது, "இன்னும் கொஞ்சம் மோர் ஊத்தட்டுங்களா?" "போதும்" என்பது மட்டும்தான்.

விழாவுக்குக் கோயமுத்தூரிலிருந்து அனுசுயாவால் வர முடியவில்லை. லீலாவதி தனியாகப் பஸ் ஏறினாள். கல்யாண மண்டபத்தில் பந்தல் போட்டு, முதல் வரிசையில் அவளை உட்கார வைத்தார்கள். பக்கத்து நாற்காலியில் யாரும் உட்காரவில்லை. ஆலையின் பழைய தலைவர்கள், தொழிற்சங்கத் தலைவர், ஓய்வு பெற்ற மூன்று ஜியாலஜிஸ்டுகள் என்று ஒவ்வொருவராகச் சால்வை போர்த்திக்கொண்டு இறங்கினார்கள். கடைசியில் அமிர்தலிங்கம் பெயரைச் சொன்னார்கள். லீலாவதி மேடையேறினாள்.

அவரைப் பற்றிப் பேச வந்தவர் சுரங்க மேனேஜராக இருந்தவர். இன்ன இன்ன ஊரில் இத்தனை கோடி டன் கல்லைக் கண்டுபிடித்தார் என்றெல்லாம் படித்துவிட்டுக் காகிதத்தை மடித்துப் பையில் வைத்தார்.

"இதெல்லாம் ரெக்கார்டுல இருக்கறதுங்க. அமிர்தலிங்கம் இருக்கற எடத்துல சிரிப்புச் சத்தம் அடங்காதே, அத எந்த ரெக்கார்டுல எழுதறது? என் நடைய என் எதிர்லயே நடந்து காட்டுவாரு. ஆபீசுல எவ்வளவு வேலை கிடந்தாலும் புதன்கிழமை சாயங்காலம் அவரு கொட்டாய்க்கு ஜீப்ப விட்டுடுவேன். அவரு கையால கொள்ளு ரசம் வெச்சுப் போடுவாரு. கதை சொல்ல ஆரம்பிச்சாருன்னா சோறு கையிலயே காஞ்சு போவும்."

மண்டபம் முழுக்கச் சிரித்தது. சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மேடையில் நின்றிருந்த லீலாவதிக்கு, வேறு யாரையோ பற்றிப் பேசுகிறார்கள், பெயர் மாறிவிட்டது என்றே தோன்றியது. கையில் கேடயத்தைக் கொடுத்தார்கள். அதில் அவர் பெயர் சரியாகத்தான் இருந்தது.

"கொஞ்சம் சிரிங்கம்மா" என்றார் போட்டோ எடுப்பவர்.

சாப்பாட்டுக்கு எல்லாரும் எழுந்து போன பிறகு வேட்டி கட்டிய ஒரு வயதானவர் அவள் எதிரில் வந்து கும்பிட்டார்.

"சார் வூட்டு அம்மாங்களா? நான் தங்கசாமிங்க. பதினெட்டு வருசம் சாரோட துளை மிசின்ல இருந்தேன்."

"அந்த மேனேஜர் சொன்னதெல்லாம் நெசமாங்க? அவரு அப்படிப் பேசுவாரா?"

தங்கசாமி சிரித்தார். "பேசுவாராவா? வாய மூட வெக்கறதுதாங்க கஷ்டம்." அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

அவர்கள் கொட்டகை போட்டிருந்த ஒரு இடத்தையாவது பார்க்க வேண்டும் என்று லீலாவதி கேட்டாள். ஊருக்குப் போகத் தயாராக நின்ற ஆலை ஜீப்பிலேயே இருவரையும் ஏற்றி அனுப்பினார்கள். முள்காடும் சோளக் கொல்லையும் தாண்டி ஜீப் சுரங்கத்தின் விளிம்பில் நின்றது. கண்ணுக்கு எட்டின மட்டும் பள்ளம். வெளுத்த மஞ்சள் நிறத்தில் படிப்படியாக வெட்டியிருந்தார்கள். அடியில் லாரிகள் தீப்பெட்டி மாதிரி ஊர்ந்தன.

"கொட்டாய் எங்க இருந்துச்சு?"

தங்கசாமி கையை நீட்டினார். அவர் காட்டிய திசையில் தரையே இல்லை. "அந்தா, நேரா அங்கதாங்க. ஒரு வேப்பமரம் இருந்துச்சு, அதுக்குக் கீழ. கல்லு இருக்குதுன்னு சார் சொன்னாரு, எல்லாத்தயும் வெட்டி எடுத்துட்டாங்க."

லீலாவதி அந்த வெற்று வெளியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் உட்கார்ந்து கதை சொன்ன மண் சிமெண்டாகி எந்தெந்த ஊர் வீடுகளுக்கோ போய்விட்டது. தூசிக் காற்று முகத்தில் அடித்தது.

"என்னைப் பத்தி எதாவது சொல்வாரா?" என்று திரும்பாமலே கேட்டாள்.

தங்கசாமி சற்று யோசித்தார். "சனிக்கெழம மத்தியானமே சவரம் பண்ணிக்குவாருங்க. அஞ்சு நாள் தாடியோட திரியிறவரு அன்னிக்கி மட்டும் பளிச்சுன்னு ஆயிடுவாரு. பஸ்ஸுக்கு நிக்கயில பேச்சு அப்படியே அடங்கிப் போவும். ஏன் சார்னு ஒரு தடவ கேட்டேன். 'வூட்டுக்குப் போயி என்ன பேசறதுன்னு தெரியல தங்கசாமி. அவ கெட்டிக்காரி, ஊரையே ஆளுற குடும்பத்துப் பொண்ணு. நான் கல்லுக் கதைய சொன்னா சிரிக்க மாட்டாளா'ன்னாரு."

"நான் கேட்டிருப்பேனே" என்றாள் லீலாவதி.

அவள் முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு ஜீப்பில் போய் உட்கார்ந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அனுசுயா போன் பண்ணினாள். "அப்பாவப் பத்தி என்னம்மா பேசுனாங்க?"

"உங்கப்பா ஆளுங்கள மாதிரி நடந்து காட்டுவாராம். எல்லாரையும் சிரிக்க வெப்பாராம்."

"நம்ம அப்பாவா? யாரையோ சொல்லியிருப்பாங்கம்மா." குழந்தை அழுகிறது என்று சொல்லி அனுசுயா போனை வைத்துவிட்டாள்.

அதற்கப்புறம் லீலாவதி இதை யாரிடமும் சொல்லவில்லை. கணவன் செத்த துக்கம் ஒரு மாதிரி ஆறியிருந்தது. இது அப்படி ஆறவில்லை. ஒரே கூரைக்கு அடியில் இருந்தும் பழகாமல் விட்ட ஒருவரை நினைத்துத் தனியாக ஏங்கினாள். கொல்லையில் துணி காயப்போடும்போது, அந்த மேனேஜர் எப்படி நடப்பார், இவர் எப்படி நடந்து காட்டியிருப்பார் என்று நினைத்துப் பார்ப்பாள். அவளுக்கு எதுவும் பிடிபடாது.

2004 மாசியில் லீலாவதி பிறந்த வீட்டுக்குப் போயிருந்தபோது, அவர்கள் முந்திரித் தோப்புக்கு அந்தப் பக்கம் துளை போட ஒரு மிசின் வந்து நின்றது. அவள் குடையை எடுத்துக்கொண்டு நடந்து போனாள். நாற்பதை நெருங்கும் ஒருவர் துளையிலிருந்து எடுத்த நீளக் கல்லையும் களிமண்ணையும் பெட்டியில் வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார். பெயர் பிரேம், ஜியாலஜிஸ்ட் என்றார்.

"இது என்ன சார்? இதப் பாத்து எப்படிக் கண்டுபுடிப்பீங்க?"

அவர் முதலில் இரண்டு வார்த்தையில் முடிக்கப் பார்த்தார். அவள் நகரவில்லை. அப்புறம் ஒரு துண்டை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்து, அதிலிருந்த சிப்பித் தடத்தைக் காட்டி, ஒரு காலத்தில் இந்த இடம் கடலாக இருந்ததைச் சொல்ல ஆரம்பித்தார். கையை ஆட்டி ஆட்டி, ஆர்வமாகச் சொன்னார். லீலாவதி குடையை மடக்கிவிட்டு ஒரு கல்லின் மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"வூட்டுக்குப் போனா இதெல்லாம் சொல்லுவீங்களா?" என்று கேட்டாள்.

"வூட்லயா?" பிரேம் சிரித்தார். "அவங்களுக்கு எதுக்குங்கம்மா இது?"

"சொல்லிப் பாருங்க சார்" என்றாள்.

அதற்குள் ஆட்கள் மிசினைப் போட்டார்கள். அந்தச் சத்தத்தில் அவர் என்ன பதில் சொன்னார் என்று அவளுக்குக் கேட்கவில்லை. சற்று நேரம் அவர் வாயசைவதைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். பிறகு கல்லை அவர் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தோப்பு வழியாக வீட்டுக்கு நடந்தாள்.