தவமலர் அக்காவும் மிச்சம் மூன்று கிலோமீற்றரும்

செய்தி வந்தபோது நான் பஸ்ஸின் கடைசி இருக்கைக்குக் கீழே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். காலை ஓட்டம் முடிந்து, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு, கனடாவில் ஸ்காபரோவின் அஜின்கோர்ட் பகுதியில் எங்கள் மஞ்சள் பஸ்கள் நிற்கும் வளவுக்கு வந்திருந்தேன். பள்ளிக்கூட பஸ் ஓட்டுபவர்களுக்கு ஒரு விதி உண்டு. ஓட்டம் முடிந்ததும் கடைசி இருக்கைவரை நடந்துபோய், எந்தப் பிள்ளையும் நித்திரையாகிக் கிடக்கவில்லை என்று பார்த்து, பின்பக்கத்தில் இருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தாமல் இறங்கினால் ஹோர்ன் அடித்து ஊரைக் கூட்டிவிடும். பொத்தானில் கை வைத்தபோது கைத்தொலைபேசி அடித்தது. தவமலர் அக்காவின் கணவர் குணம் அண்ணை.

“வதனி, மலர் எங்களை விட்டிட்டுப் போயிட்டா பிள்ளை. விடியத் தேத்தண்ணி குடிச்சுக்கொண்டிருந்தவா. கப்பைக் கீழ வைச்சவா, அவ்வளவுதான்.”

நான் அந்தக் கடைசி இருக்கையிலேயே இருந்துவிட்டேன்.

இருபது வருடங்கள் ஒரே வளவில் பஸ் ஓட்டிய ஒருவரைப் பற்றி எழுதுகிறேன். அவரை அறிந்தவர்கள் நான் எழுதுவது குறைவு என்பார்கள். அறியாதவர்களுக்கு ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் கண்ட மனிதர்களில் இவரைப்போல எதையும் பார்த்துவிட வேண்டும், கேட்டுவிட வேண்டும் என்று அலைந்தவர் வேறு எவரும் இல்லை. அப்படிப்பட்டவர் மிகவும் ஆசைப்பட்ட ஒன்றைப் பார்க்காமலே போய்விட்டார். அதற்குக் காரணம் நான்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமை, நான் அவசரமாகப் பின்னால் ஓடிப்போய்ப் பொத்தானை அழுத்திவிட்டுத் திரும்பும்போது, யாரோ ஒருவர் அழைக்காமலே என் பஸ்ஸில் ஏறி வந்தார். இருக்கைகளுக்குக் கீழே ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்து, ஒரு சின்னக் கையுறையை எடுத்துக் காட்டினார்.

“உதைப் பாத்தனீரோ? எப்பவும் ஒண்டுதான் துலையுது. ரெண்டும் சேந்து துலைஞ்சா ஒரு கவலையும் இல்லை. ஏன் அப்பிடி?”

பைத்தியமோ என்று நினைத்தேன். அடுத்த நாள் காலை அந்தக் கையுறை யாருடையது என்று கண்டுபிடித்து வந்து சொன்னார். அன்றிலிருந்து எனக்கு அவர் அக்கா.

ஐம்பத்திரண்டு வயதில் அவர் மோட்டார் சைக்கிள் வாங்கினார். ஸ்காபரோ முழுக்க அதுதான் கதை. கோயிலில் கண்டவர்கள் குணம் அண்ணையைத் துக்கம் விசாரிப்பதுபோல விசாரித்தார்கள். ஏன் வாங்கினீர்கள் என்று நான் கேட்டபோது, “பின்னுக்கு எழுபது பிள்ளையளை வைச்சுக்கொண்டு ஓடி ஓடி, பின்னுக்கு ஒருத்தரும் இல்லாத ஒரு வண்டியை ஒருக்கா ஓடிப் பாக்கவேணும்போல இருந்தது” என்றார். பள்ளிக்கூடம் பூட்டும் கோடை மாதங்களில் ஒஷாவாவுக்கும் அதற்கு அப்பாலும் ஓடித் திரிந்தார். ஒரு வருடத்துக்குள் என்னையும் லைசென்ஸ் எடுக்க வைத்தார். எங்களோடு இன்னும் ஆறு பேர் சேர்ந்தார்கள். அதில் ஒருவர், தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே கணினி வேலை செய்யும் ரஞ்சன்.

எட்டுப் பேருமாகப் பூட்டானுக்குப் போக வேண்டும் என்று தொடங்கியவரும் அக்காதான். வழிகாட்டி முன்னால் ஓட, நாங்கள் பின்னால் ஓட, பத்து நாட்கள் மலைப்பாதைகளில் மோட்டார் சைக்கிள் பயணம். குணம் அண்ணைக்கு அது விளங்கவே இல்லை.

“பூட்டானிலை எங்கட ஆக்கள் ஆர் இருக்கினம்?”

“ஒருத்தரும் இல்லை. அதுதான் போறன்.”

லண்டன் என்றால் மச்சாள் வீடு, பாரிஸ் என்றால் சித்தப்பா வீடு என்று பயணம் போய்ப் பழகிய எங்களுக்கு அது பெரிய பதில்தான்.

பூட்டான் தலைநகரில் போக்குவரத்து லைற் ஒன்றுகூட இல்லை. நடுச்சந்தியில் ஒரு பொலிஸ்காரர் வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு கைகளால் வாகனங்களை நடத்திக்கொண்டிருந்தார். அக்கா அரை மணித்தியாலம் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு எங்கள் வழிகாட்டி தோர்ஜியைப் பிடித்துக்கொண்டார். இவருக்குச் சாப்பாட்டு நேரம் வந்தால் யார் நிற்பார்? மழை பெய்தால்? தும்மல் வந்தால் வாகனங்கள் எந்தப் பக்கம் போகும்? தோர்ஜி சிரித்துச் சிரித்துக் களைத்துப்போனார்.

மூன்றாம் நாள் நானும் அக்காவும் ஒரு கூத்து அடித்தோம். வளைவு ஒன்றில் ஒரு சின்ன வாகனம் நின்று, பள்ளிக்கூடப் பிள்ளைகள் இறங்கினார்கள். கனடாவில் பள்ளிக்கூட பஸ் நின்று சிவப்பு விளக்கு மின்னினால் ரோட்டில் எல்லாம் நிற்க வேண்டும். எங்கள் இருவருக்கும் அது இரத்தத்தில் ஊறியது. இருவரும் ரோட்டுக்குக் குறுக்கே வண்டிகளை நிறுத்தி, கையை நீட்டி மறித்துவிட்டோம். பின்னால் நாலு லொறி, ஒரு மாடு. ஹோர்ன் காதைப் பிளந்தது. பிள்ளைகளோ கடக்கும் எண்ணமே இல்லாமல் எங்களை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் வீடு இந்தப் பக்கத்தில்தான். “அக்கா, இது ஸ்காபரோ இல்லை” என்றேன். “பிள்ளையள் பிள்ளையள்தானே” என்று சொல்லிவிட்டு, கடைசிப் பிள்ளையும் வீட்டுப் படலையைத் திறந்து உள்ளே போனபிறகே அசைந்தார்.

பயணம் முழுக்க அவர் கடைசியாகவே ஓடினார். நல்ல ஓட்டக்காரர், முன்னுக்குப் போயிருக்கலாம். ஏதோ பழைய துயரம் இருக்கும், போர்க்கால இடப்பெயர்வில் யாரையோ தவறவிட்டிருப்பார் என்று நானே ஒரு கதை கட்டி வைத்திருந்தேன். ஒருநாள் கேட்டும்விட்டேன்.

“சும்மா போம். முன்னுக்குப் போனா ரோட்டுத்தான் தெரியும். பின்னுக்கு வந்தா உங்கள் எல்லாரையும் பாக்கலாம். உவன் ரஞ்சன் வளைவுக்கு வளைவு நாக்கைக் கடிக்கிறான், தெரியுமோ?”

இனி அந்த நாளுக்கு வருகிறேன். பாரோ பள்ளத்தாக்கிலிருந்து உயரமான ஒரு கணவாயைத் தாண்டி மறுபக்கப் பள்ளத்தாக்கில் ஓர் இரவு தங்குவதாகத் திட்டம். அந்தக் கணவாய்க்காகத்தான் அக்கா வந்ததே. வீட்டில் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் அதன் வரைபடத்தை ஒரு வருடமாக ஒட்டி வைத்திருந்தார். கணவாய்க்கு அங்கால, மறுபக்கத்தில், என்ன தெரியும் என்று தோர்ஜியைக் கேட்காத நாளில்லை. தோர்ஜியும் சொல்லாமல் சிரிப்பார்.

உச்சிக்கு மூன்று கிலோமீற்றர் இருக்கும்போது எனக்குத் தலை பிளந்தது. வண்டியை நிறுத்தி வாந்தி எடுத்தேன். விரல்கள் என்னுடையவைபோல இல்லை. பயத்தில் அழுதுவிட்டேன். திரும்பி வந்த தோர்ஜி, இது உயரத்தால் வரும் சுகவீனம், உடனே கீழே இறக்க வேண்டும், பயணம் முழுக்க எங்களோடு வரும் மெக்கானிக் தன் பிக்கப் வாகனத்தில் என்னையும் என் வண்டியையும் கொண்டுபோவார், மற்றவர்கள் பயப்படாமல் மேலே வரலாம் என்றார். அக்காவைப் பார்த்தும் அப்படியே சொன்னார். மிச்சம் மூன்று கிலோமீற்றர்தான்.

“நீங்கள் போங்கோ அக்கா” என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவருடைய ஜக்கெட் கையைப் பிடித்தேன். விடவில்லை.

அக்கா மேலே போகும் ரோட்டை ஒருதரம் பார்த்தார். பிறகு வண்டியைத் திருப்பினார். கீழே வரும்வரை பிக்கப்புக்குப் பின்னாலேயே வந்தார்.

பாரோவுக்கு இறங்கிய சில மணித்தியாலங்களில் எனக்கு ஒன்றுமே இல்லை. அதுதான் பெரிய வெட்கம். அக்காவோ விடுதிச் சமையலறைக்குள் போய், மிளகாயைக் கறிக்குப் போடுவார்களா, மிளகாய்தான் கறியா என்று விசாரித்துக்கொண்டிருந்தார். அடுத்த நாள் மத்தியானம் மற்றவர்கள் திரும்பி வந்தார்கள். ரஞ்சன் கைத்தொலைபேசியை நீட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

“அக்கா, ஒரே ஒரு போட்டோ பாருங்க. நம்பவே மாட்டீங்க!”

அக்கா இரண்டு கைகளாலும் கண்களைப் பொத்திக்கொண்டார்.

“அங்கால என்ன இருக்கெண்டு ஒருத்தரும் சொல்லிப்போடாதையுங்கோ. நான் வந்து பாக்கிறன்.”

விமானத்தில் நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். “பின்சீற்றில ஒரு பிள்ளை கிடக்கேக்கை பொத்தானை அமத்திப்போட்டு இறங்கிறதோ?” என்றார். “உம்மை விட்டிட்டு மேல போயிருந்தாலும் உம்மைத்தான் நினைச்சுக்கொண்டு நிண்டிருப்பன். பேந்தென்ன பாக்கிறது?” அதற்குமேல் அந்தப் பேச்சே இல்லை. மறுவருடம் குணம் அண்ணைக்கு முழங்கால் சத்திரசிகிச்சை. அதற்கடுத்த வருடம் மகளுக்குப் பிள்ளைப்பேறு. வருகிற ஒக்டோபரில் திரும்பவும் பூட்டானுக்குப் போவதாக இருந்தோம். அந்த வரைபடம் இன்னும் கதவில் இருக்கிறது.

அக்காவின் உடலைப் பார்வைக்கு வைத்த மண்டபத்தில் எங்கள் வளவு ஓட்டுநர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். ரஞ்சன் கையில் ஒரு கடித உறையோடு வந்தார். கண் சிவந்திருந்தது.

“அந்தப் போட்டோவ பிரிண்ட் எடுத்துட்டு வந்தேன் வதனிக்கா. அக்கா கையில வச்சிடலாமா?”

எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. உறையைக் கையில் வாங்கினேன். பிரிக்கவில்லை. நானும் இன்றுவரை அந்தப் படத்தைப் பார்த்ததில்லை.

“வேண்டாம் ரஞ்சன். தானே பாக்கிறதெண்டு சொன்னவா.”

அவர் தலையாட்டிவிட்டு உறையைத் திரும்ப வாங்கிக்கொண்டார். ஒக்டோபரில் நான் போகிறேன். கடைசி ஆளாக ஓடி, அந்த மூன்று கிலோமீற்றரையும் ஓடி முடிப்பேன்.

பேழையை மூடுமுன் அவருடைய கையைத் தொட்டேன். இம்முறை சட்டைக் கையைப் பிடித்துக்கொள்ளவில்லை. அக்கா, இத்தனை வருடத்தில் நீங்கள் எனக்கு முன்னால் போவது இதுதான் முதல் தடவை. போயிட்டு வாருங்கோ. அங்கால என்ன இருக்கெண்டு சொல்லிப்போடாதையுங்கோ. நான் வந்து பாக்கிறன்.